முதல் முறை, மறு முறை

கொடிமரத்துறையில் மனிதக் குரல் இரண்டு முறையாகப் பிரிந்தது ஆவணி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. கடற்கரையில் மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்த தொம்மை, "சீலா ஒரு பெட்டி, சீலா ஒரு பெட்டி" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர், பாதி வார்த்தையில் குரல் நின்றுபோய் உதடு மட்டும் அசைய நின்றார். அதே நொடியில், அதுவரை ஊமைபோல வாயசைத்துக்கொண்டிருந்த வியாபாரிகளில் பாதிப்பேருக்குக் குரல் திரும்பி, "என்ன வே, ஏலத்த நிப்பாட்டிட்டீரு?" என்று அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் அவர்கள் குரலும் போய், தொம்மையின் குரல் விட்ட இடத்திலிருந்து "பெட்டி" என்று வந்து விழுந்தது.

அன்று மத்தியானத்துக்குள் ஊருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. ஒரு நிமிடத்தை நாலு துண்டாக அறுத்தால் முதல் துண்டும் மூன்றாம் துண்டும் பாதி ஊருக்கு, இரண்டும் நாலும் மீதி ஊருக்கு. தன் துண்டில் வாய் திறக்கும், காது அடைத்துக்கொள்ளும். அடுத்தவர் துண்டில் காது திறக்கும், வாய் அடைத்துக்கொள்ளும். கடல் இரைச்சலும் கோயில் மணியும் லாரி ஹாரனும் எப்போதும்போல எல்லார் காதிலும் விழுந்தன, மனிதக் குரலுக்கு மட்டுந்தான் இந்தக் கட்டுப்பாடு. முந்தின மூன்று நாளாகச் சூரியன் நெருப்பைக் கக்கியதாகப் பேப்பரில் போட்டிருந்தது, அதனால்தான் என்றார் போஸ்ட்மாஸ்டர். மாதா சப்பரத்துக்குப் போன வருடம் பழைய கயிற்றைக் கட்டியதால்தான் என்றாள் அவர் மனைவி. இருவரும் ஒரே முறைக்காரர்களாக அமைந்துபோனதால் இந்த விவாதம் கடைசிவரை முடியவே இல்லை.

ஊரிலேயே ஆச்சரியப்படாத ஆள் பேட்டரி அமலி ஒருத்திதான். அமலோற்பவம் என்ற முழுப்பெயர் ஞானஸ்நானப் பதிவோடு நின்றுவிட்டது. வள்ளங்களுக்குப் பேட்டரி சார்ஜ் போட்டு, மீன் பார்க்கும் கருவிகளைப் பழுது பார்த்துக் கொடுக்கும் கடை வைத்திருந்ததால் ஊருக்கு அவள் பேட்டரி அமலி. ஐம்பத்தாறு வயது, கல்யாணம் கட்டவில்லை, கடையைத் திறக்கும்போது திறந்த வாயைக் கடையைச் சாத்தும்போதுதான் மூடுவாள். கோயில் மைதானத்தில் கூடிப் பயந்துபோய் நின்ற கூட்டத்துக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, தன் பதினைந்து விநாடி வரும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பொறுத்திருந்து, அவள் சொன்னாள்:

"இது பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பதினஞ்சு செகண்டு ஒருத்தரு, பதினஞ்சு செகண்டு மத்தவரு. எங்க ரேடியோவுல ஒலகமே இப்படித்தான் பேசுது. முதல் முறைக்காரன் பேசினா மறு முறைக்காரன் கேக்கணும். அம்புட்டுத்தான். பயந்துகிட்டு நிக்காம போயி ஒலைய வைங்க."

பாதிக் கூட்டத்துக்கு அது கேட்டது. அந்தப் பாதி, அடுத்த பதினைந்து விநாடியில், மீதிப் பாதிக்கு அதைச் சொன்னது. அன்று முதல் அந்த ஊரில் எல்லாச் செய்தியும் அப்படித்தான் பரவியது.

அமலி சொன்ன ரேடியோ அவள் வீட்டு மாடியில் இருந்தது. லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரி அவள். மாடியிலிருந்து தென்னைமரத்துக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, கம்ப்யூட்டரோடு ஒரு பெட்டியை இணைத்து, சிற்றலையில் எழுத்துகளை அனுப்புவாள். சிற்றலையில் ஒரு சின்ன இடந்தான், ஆயிரம் பேர் அதைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், எனவே சத்தம் போடுவதற்கு இடமில்லை. பதினைந்து விநாடி அனுப்பு, பதினைந்து விநாடி கேள், இரைச்சலுக்கும் அடியில் கிடக்கும் குரலைக்கூடக் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுத்துத் திரையில் எழுதிக்காட்டும். அதில் ஒரு மரியாதை உண்டு. அழைக்கிறவர் தனக்கு ஒரு முறையை எடுத்துக்கொள்வார். பதில் சொல்கிறவர் மற்ற முறைக்கு மாறிக்கொள்ள வேண்டும். உன் குரல் எனக்கு எவ்வளவு கேட்கிறது என்று எண்ணால் சொல்ல வேண்டும், ஏனென்றால் தன் குரல் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது பேசினவருக்கு ஒருநாளும் தெரியாது. அவரவர் நேரடியாகப் பேச வேண்டும், நடுவில் ஆள் வைத்து முடித்த தொடர்பு செல்லாது. கடைசியில் எழுபத்து மூன்று என்ற எண்ணை அனுப்பி விடைபெற வேண்டும். அது வந்தால்தான் தொடர்பு முடிந்ததாகக் கணக்கு.

கொடிமரத்துறையில் இன்னொரு மாடியிலும் இதேபோல ஒரு கம்பி உண்டு. அமலி வீடு தெருவின் கடல்முனை, அந்த வீடு கோயில்முனை, இடையில் முந்நூறு அடி. அது அவள் அண்ணன் இன்னாசிமுத்துவின் வீடு, அண்ணனும் தங்கையும் பேசிப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

பதினான்கு வருடத்துக்கு முன் அவர்கள் அம்மா, வள்ளியூர்ப் பக்கம் தன் அக்காள் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில், ஒரு முற்பகலில் மயங்கி விழுந்தாள். பெரியம்மா மகன் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியே போன் போட்டுச் சொன்னான். அமலி உடனே அண்ணன் வீட்டுக்குப் போட்டாள், இரண்டு பேரும் சேர்ந்தே கார் பிடித்துப் போகலாமென்று. எங்கேஜ். மறுபடி போட்டாள், எங்கேஜ். மழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது, தெருவில் முழங்கால் தண்ணீர். நாற்பது நிமிடம் அந்த டொக்கு டொக்குச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள். அங்கே போய் இறங்கும்போது அம்மாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பத்து நிமிடத்தில் அண்ணனும் வந்து சேர்ந்தான். இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, ஒரே நேரத்தில், "அம்மா சாகக் கெடக்கையில யார்ட்ட போன்ல கதை அளந்துகிட்டு இருந்தே?" என்று கேட்டார்கள். இருவரும் கேட்டார்கள், இருவரும் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான். இரண்டாம் வருடம் மனசு கேட்காமல் அமலி ஒரு கடிதம் போட்டாள். மறுநாளே அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. பதிலென்று நினைத்துப் பிரித்தாள், தான் கேட்ட எதற்கும் அதில் பதில் இல்லை, கோபம் இரட்டிப்பானது. கைபேசி வந்த புதிதில் ஒருவர் எண்ணை ஒருவர் ஒரே வாரத்தில் தடுத்து வைத்தார்கள். ரேடியோவில் இந்தப் பதினைந்து விநாடி வழி வந்தபோது, தினமும் காலை ஆறு மணிக்கு இருவரும் தத்தம் மாடியில் உட்கார்ந்து, இருவரும் முதல் முறையை எடுத்துக்கொண்டு, "யாராவது உண்டா, யாராவது உண்டா" என்று உலகத்தை அழைத்தார்கள். யாராவது அழைத்தால் பதில் சொல்லும் பழக்கம் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது, அழைப்பது மட்டுந்தான். அனுப்பிக்கொண்டிருக்கும்போது கேட்க முடியாது என்பதால் முந்நூறு அடி தூரத்து அண்ணன் ஒருநாளும் அவள் திரையில் வந்ததில்லை. சிலி நாட்டுக்காரர் ஒருவர் அவளுக்கு அனுப்பிய அட்டையில், 'உங்கள் ஊரில் இன்னொருவரும் இருக்கிறார், அவரும் நன்றாகக் கேட்கிறார், விசாரித்ததாகச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தார். சிலிக்குக் கேட்பது தெருக்கோடிக்குக் கேட்கவில்லை. அமலி அந்த அட்டையைப் பேட்டரிக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைத்தாள்.

ஊரோ முறைக்குப் பழகிக்கொண்டது. ஊர் என்பது எதற்கும் பழகிக்கொள்ளும். பங்குச்சாமியார் முதல் முறைக்காரராக இருந்ததால் அவர் பிரசங்கத்தை மறு முறைக்காரரான உபதேசியார் பதினைந்து பதினைந்து விநாடியாகத் திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. பிரசங்கம் இரட்டிப்பு நீளமானதில் சாமியாரைத் தவிர யாருக்கும் சந்தோஷமில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களை முறை பார்த்து மாற்றிப் போட்டார்கள். கல்யாணத் தரகர்கள், பெண் என்ன நிறம் என்று கேட்பதற்கு முன்னால், "முதல் முறையா, மறு முறையா?" என்று கேட்டார்கள். ஒரே முறையில் அமைந்துபோன புருஷன் பெண்டாட்டிகள் நாற்பத்தொரு ஜோடி என்று உபதேசியார் கணக்கெடுத்தார். அதில் அழுதவர்கள் உண்டு, மெழுகுதிரி ஏற்றி மாதாவுக்கு நன்றி சொன்னவர்களும் உண்டு. வளவளவென்று பேசுகிறவர்கள் இளைத்துப்போனார்கள். சொல்ல வந்ததைப் பதினைந்து விநாடிக்குள் சொல்லப் பழகிய பிறகு, சொல்ல வந்தது அவ்வளவுதான் என்று பலருக்கும் தெரியவந்தது.

மூன்றாவது வாரம், குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தை ஓங்கிக்கொண்டு நிற்பதை அமலி பார்த்தாள். மறு முறையின் பதினைந்து விநாடி ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் மறு முறைக்காரர்கள். "நான் கேக்கேன், நீ வாயத் தொறக்காம நிக்கியே, திமிரா?" என்று இவள் கத்த, "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே, பதில் சொல்லேன்" என்று அவளும் அதே நேரத்தில் கத்த, இருவர் காதும் அடைத்திருக்க, எதிராளி தன்னை மதிக்காமல் ஊமைபோல நிற்கிறாள் என்று இருவருமே நம்பிக்கொண்டிருந்தார்கள். அமலி சிரித்தாள். தன் முறை வந்ததும், "ஏளா, ரெண்டு பேரும் ஒரே கேள்வியத்தான் கேக்கிய" என்று விலக்கிவிட்டு நாலடி நடந்தவள், ஐந்தாவது அடியில் அப்படியே நின்றுவிட்டாள்.

டொக்கு டொக்கு என்ற அந்தச் சத்தம் பதினான்கு வருடம் கழித்து அவள் காதில் கேட்டது. ஒருவன் யாரோடும் பேசாமலேயே அவன் போன் எங்கேஜாக இருக்க ஒரு வழி உண்டு. அவனும் அதே நேரத்தில் ரிசீவரை எடுத்து என் எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தால்?

அப்படித்தானா என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளிடந்தான் கேட்க முடியும். அந்த ஆளும் அவளைப்போலவே முதல் முறைக்காரன்.

அன்று சாயந்தரம் மதினி தெக்கலா கடைக்கு வந்தாள். இன்னாசிமுத்துவின் மனைவி, மறு முறைக்காரி. அண்ணன் தங்கை இருவர் பேச்சையும் கேட்கக்கூடிய ஒரே காது அந்தக் குடும்பத்தில் அவளுடையதுதான்.

"ஏளா அமலி, சனிக்கிழம நாங்க ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போறோம். மக கூட இருக்கணுமாம். உங்க அண்ணன் நாளக்கழிச்சி கம்பிய எறக்குறாவ. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

ஒரு பதினைந்து விநாடி முழுவதும் அமலி பேசாமல் வீணாக்கினாள். அவள் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை. அடுத்த முறைக்குத்தான், "எப்ப திரும்பி வருவிய?" என்று கேட்டாள்.

"வீட்ட வித்தாச்சு" என்றாள் தெக்கலா.

"மதினி, அண்ணன்ட்ட நான் ஒண்ணு கேக்கணும்."

"எங்கிட்டச் சொல்லாத. பதினாலு வருசமா உங்களுக்கு நடுவுல தூது போயி என் நாக்குத் தேஞ்சிபோச்சி. நேரா நின்னு கேளு. நேரா கேக்காதது உங்க ரேடியோவுலயே செல்லாதுன்னு நீங்கதான சொல்லுவிய?"

முறை மாற வழி இருந்தது. ஏலக்காரர் தொம்மைக்குத் தொண்டை வீங்கி, ஒருநாள் முழுக்க வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் அவர் மறு முறைக்காரராக எழுந்தார். ஒரு விடியலிலிருந்து மறு விடியல்வரை தன் முறை எல்லாவற்றையும் சும்மா விட்டவர் மற்ற முறைக்குப் போய்விடுவார் என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. தொம்மையின் மனைவிக்கு அதற்குப் பிறகு அவர் பேச்சு கேட்கவில்லை. அவள் டாக்டருக்கு ஒரு சீலா மீன் கொடுத்தனுப்பினாள்.

வியாழக்கிழமை விடியலில் அமலி உதட்டைக் கடித்துக்கொண்டு கடையைத் திறந்தாள். ஒருவன் பேட்டரி வயரைத் தலைகீழாக மாட்டினான். கையைத் தட்டிவிட்டாளே தவிரத் திட்டவில்லை. பூனை குழம்புச் சட்டியைக் கவிழ்த்தது, பேசவில்லை. போஸ்ட்மாஸ்டர் வந்து, சூரியன் நெருப்பைக் கக்குவதற்குக் காரணம் சந்திரன்தான் என்று விளக்கினார். அதைத் திருத்தாமல் விட்டதற்குத்தான் தனக்கு மோட்சத்தில் இடம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாளில் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது முறை. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை, ஒரு நிமிடத்தின் முதல் துண்டில், பால்காரன் மணியடித்து, "பாலூ" என்றது அவள் காதில் விழுந்தது. முதல் முறைக்காரன் குரல்! அவள் மறு முறைக்காரியாகிவிட்டாள். செருப்பைக்கூட மாட்டாமல் கோயில்முனைக்கு ஓடினாள். இன்னாசிமுத்து மாடியில் கம்பியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முந்நூறு அடி தூரத்தில் இருந்துகொண்டு இதைக்கூட நான் பார்க்கவில்லையே என்று நினைத்தாள். அவள் தன் புது முறை வரும்வரை மூச்சைப் பிடித்து நின்று, "அண்ணே" என்றாள்.

அண்ணனின் உதடும் அதே நொடியில் அசைந்தது. அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

அவரும் வியாழக்கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை. தங்கையிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போக வேண்டுமென்று அவரும் முறை மாறியிருந்தார். இந்த ஊரில் ஒரே நாளில் ஒரே காரணத்துக்காக முறை மாறி மறுபடியும் முட்டிக்கொள்ள இந்த இரண்டு பேரால்தான் முடியும். நடுவில் நின்ற தெக்கலா தலையில் கை வைத்துக்கொண்டு என்னவோ கத்தினாள். அவளும் மறு முறைக்காரி என்பதால் இப்போது அவள் கத்தியது இருவருக்குமே கேட்கவில்லை. இருந்த ஒரு காதும் போயிற்று.

அமலி எழுதக் காகிதம் கேட்டுச் சைகை காட்டினாள். அண்ணனோ, தான் முறை மாறியது தெரிந்துதான் இவளும் வேண்டுமென்றே மாறியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது, ஏனென்றால் ஒரு நொடி அவளுக்கும் அவரைப் பற்றி அதேதான் தோன்றியது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி முடிச்சில் கை வைத்தார்.

வீட்டுக்கு வந்து அமலி அழுதாள். கடையைத் திறக்கவில்லை. சாயந்தரம் ஐந்து மணிக்கு ரேடியோவைப் போட்டு, பழக்கத்தில் அழைக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்தினாள். நேற்று முழுக்க வாயைத்தான் மூடியிருந்தேன், என்று அவளுக்குப் பட்டது. எப்போது விடியும், எப்போது நான் சொல்வேன் என்று காத்திருந்தேனே ஒழிய, யாரையும் கேட்கவில்லை. முறையை மாற்றிக்கொள்ள வேண்டியவர் பதில் சொல்கிறவர். பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவர் அழைப்பது காதில் விழ வேண்டும்.

விரலை எடுத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். ரேடியோ வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, எதையும் அனுப்பாமல், திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். முதல் முறை ஓடியது, மறு முறை ஓடியது. இந்தோனேசியாக்காரர் வந்தார், கழித்தல் பன்னிரண்டு. பல்கேரியாக்காரர் வந்தார், கழித்தல் இருபத்தொன்று. தூரத்துக் குரல்கள் எல்லாமே இரைச்சலுக்கு அடியில் கிடப்பவை, எல்லாமே கழித்தல்தான். ஜன்னல் வழியே பார்த்தாள். அண்ணன் வீட்டு மாடியில் கம்பி இன்னும் இறங்கவில்லை, மாடியில் ஆளும் இல்லை.

கம்பியை இறக்கும் முன் கடைசியாக ஒருதரம் அழைத்துப் பார்க்காத ரேடியோக்காரர் உலகத்தில் உண்டா? ஐந்து இருபத்திரண்டுக்கு, முதல் முறையில், அவள் திரையே சிவந்துபோகும்படி ஒரு வரி விழுந்தது. யாராவது உண்டா. கீழே அண்ணனின் அழைப்புக்குறி, லைசென்ஸில் அவருக்கென்று கொடுத்த எழுத்தும் எண்ணும்.

அமலி மறு முறையை எடுத்துக்கொண்டு பதில் போட்டாள். அவரது குறி, தன் குறி, எவ்வளவு கேட்கிறது என்ற எண்: கூட்டல் இருபத்து நான்கு. அவள் வாழ்நாளில் யாருக்கும் கொடுத்திராத முதல் கூட்டல்.

அடுத்த முதல் முறை காலியாக ஓடியது. அதற்கடுத்ததும் காலி. அண்ணன் அந்த மாடியறையில் திரையைப் பார்த்தபடி எப்படி உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும், தானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவர் எண் வந்தது, கூட்டல் இருபத்து நான்கு. அதற்குப் பிறகு, இடைவெளியோடு சேர்த்து மொத்தமே பதிமூன்று எழுத்துக்குத்தான் இடமுள்ள அந்தக் கட்டத்தில், ஆங்கில எழுத்தைக் கூட்டித் தமிழில் எழுதிய ஒரு வரி:

யாருக்கு போன்

பதினான்கு வருடத்துக் கேள்வி. அவளுடைய கேள்வியும் அதேதான். ஆனால் கேட்டது அவர், இப்போது முறை அவளுடையது. அமலி தட்டினாள்:

உனக்கு தான்

முதல் முறை காலியாகப் போயிற்று. மறு முறை போயிற்று. நாலு நிமிடம் போயிற்று. கம்பியை இறக்கிவிட்டாரோ என்று ஜன்னலுக்கு ஓடினாள். கம்பி இருந்தது, மாடிப்படியில் தெக்கலா உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது திரையில் வரி விழுந்திருந்தது.

நானும் உனக்கு

அமலி வாய்விட்டு அழுதாள், அது அவளுடைய முறையா இல்லையா என்று பார்க்கவில்லை.

சம்பிரதாயப்படி அதற்குப் பிறகு எழுபத்து மூன்று வர வேண்டும். அண்ணன் அனுப்பவில்லை. அவளும் அனுப்பவில்லை. சனிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் இருவரும் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை, ஊரே பார்த்துக்கொண்டு நிற்க இருவரும் சிரித்தார்கள். பெர்த்தில் லைசென்ஸ் வாங்கி, மகள் வீட்டுப் புழக்கடையில் கம்பி கட்ட அவருக்கு மூன்று மாதம் ஆனது. இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு அவர் முதல் முறையில் அழைக்கிறார், அவள் மறு முறையில் பதில் சொல்கிறாள், பதிமூன்று பதிமூன்று எழுத்தாக. என்ன குழம்பு, முட்டு வலி எப்படி, தொம்மை பெண்டாட்டி பேசினாளா என்று. நல்ல நாளில் கழித்தல் பதினெட்டு, மோசமான நாளில் கழித்தல் இருபத்து மூன்று. விடைபெறும் எண்ணை இருவரும் இன்றுவரை அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஐந்து இருபத்திரண்டுக்குத் தொடங்கிய அந்தத் தொடர்பு முடிந்தது என்று எழுத வேண்டிய கட்டம் அமலியின் பதிவுநோட்டில் வெறுமையாகவே இருக்கிறது.